படத்தை மட்டும் கேட்ட கட்டளை

உன் கேமராப் பை என் மேஜைமேல் இருக்கிறது. பெனிட்டா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஜிப்பைத் திறந்ததும் கோடாலித் தைலத்தின் வாடை மூக்கில் ஏறியது. தோள் வலிக்கு நீ தேய்த்துக்கொண்டது சட்டைக்குப் போய், சட்டையிலிருந்து பையின் வாருக்குப் போய், அங்கேயே குடியேறிவிட்டது போலிருக்கிறது. நீ போய் இரண்டாவது மழைக்காலமும் வந்துவிட்டது, தைலம் இன்னும் போகவில்லை. கீழே தையல் கடையில் மெஷின்கள் ஓட, நம் அறையின் தரை வழக்கம்போல அதிர்ந்துகொண்டிருக்கிறது. தாராவியில் இந்த அறைக்கு மட்டும் வாடகை கூடாமல் இருப்பதற்கு இந்த அதிர்வுதான் காரணம் என்று நீ சொல்வாய்.

உன் மகள் பையைக் கொடுக்க மட்டும் வரவில்லை. உட்கார்ந்து, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுத்தான் கேட்டாள்.

“மாமா, அப்பா வாய்ஸ் எதுலயாச்சும் இருக்குமா? போட்டோ பஹுத் இருக்கு. வாய்ஸ்தான் எங்கயும் இல்ல. ‘அவுக சத்தம் மறந்துட்டே வருதுட்டி’ன்னு அம்மா சொல்றாங்க. சொல்லிட்டு அழறாங்க. சச்சி மே மாமா, சத்தியமா எனக்கே இப்ப டவுட்டா இருக்கு.”

உன் போன் ஆஸ்பத்திரிக் களேபரத்தில் தொலைந்தது. ஸ்டெல்லாவின் போனில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றுகூடக் கிடையாது. பேச வேண்டும் என்றால் நேராகக் கூப்பிடுகிற ஆள் நீ. வாய்ஸ் மெசேஜ் என்றால், “பொட்டிகிட்ட என்னலே பேச்சு?” என்பாய். சரி, வீட்டில் எடுத்த வீடியோக்கள் இருக்குமே என்றேன்.

“அதுல அப்பா பேசவே மாட்டாங்க மாமா. என் பர்த்டே, சர்ச்ல புதுநன்மை வாங்குனது எல்லாத்துலயும் கை மட்டும்தான் வரும். இப்டி, இப்டி.” இடது கையை உயர்த்தி, விரல்களை மடக்கி, வா என்றும் நில் என்றும் சிரி என்றும் செய்து காட்டினாள். அச்சு அசலாக உன் கை. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் வாய் மூடிக் கை பேச ஆரம்பித்ததற்கு யார் காரணம் என்று அவளுக்குத் தெரியாது. “பாக்கேம்மா, நம்ம டிஸ்குல எங்கயாவது இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அந்த ‘நம்ம’ என்ற சொல்லைக் கூசாமல் சொன்னேன்.

நாம் சேர்ந்து கல்யாண வீடியோத் தொழிலில் இறங்கியபோது பேச்சு ஒன்றுதான். நீ எடுப்பாய், நான் வெட்டுவேன். நீ எடுத்துவருவதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. மணப்பெண் கண்ணில் நீர் கட்டுகிற கணம், மாமனார் வேட்டியைச் சரிசெய்கிற கணம், எல்லாவற்றையும் பிடித்துவிடுவாய். ஆனால் அதற்கு மேலே உன் தொண்டை ஓடிக்கொண்டே இருக்கும். “மாப்ள, மோவாய கொஞ்சம் தூக்குங்க.” “ஏம்மா, தரையவே பாக்கியே, அங்க என்ன துட்டா கெடக்கு?” “அத்த, அழுங்க, யாரு வேண்டாம்னா? இந்தப் பக்கம் திரும்பி அழுங்க.”

செம்பூரில் ஒரு கோவில் கல்யாணம். ஃபாதர் பெண்ணிடம் சம்மதம் கேட்கிறார். அவள் சன்னமாகச் சொல்கிறாள். உடனே உன் குரல்: “சத்தமாச் சொல்லும்மா, மைக்குல ஏறல.” கோவிலே கொல்லென்று சிரித்தது. அந்த இடத்தில் நான் ஆர்கன் இசையைப் போட்டு மூடினேன். உன் குரலோடு பெண்ணின் சம்மதமும் போய்விட்டது. அந்த வீட்டு வீடியோவில் அந்தப் பெண் இன்றுவரை சம்மதம் சொல்லாமலேதான் குடும்பம் நடத்துகிறாள்.

பாட்டுப் போடுகிற இடமெல்லாம் உன் குரல் இடித்தது. வார்த்தை வார்த்தையாக வெட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை ஏது? நீ கொண்டுவந்த ஃபைல்கள் அத்தனையையும் முதல் வேலையாக ஒலியைக் கழித்துவிட்டுச் சுருக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு வரி அடித்தால் போதும். ஒலி வேண்டாம் என்று சொல்ல அதில் இரண்டே எழுத்து. ஃபைலும் இளைத்துவிடும், டிஸ்கிலும் இடம் மிஞ்சும். மூலத்தை அழித்துவிடுவேன். அப்போது அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

அது போதாதென்று உன்னை ஏசவும் செய்தேன். நீ எடுக்கும் இடத்துக்கே வந்து ஏசினேன். “கல்யாண வீட்ல எவனும் பேசாம இருந்தா அது எழவு வீடுலே” என்று நீ சொல்லிப் பார்த்தாய். நான் விடவில்லை. எந்தக் கல்யாணத்திலிருந்து நீ பேசாமல் எடுக்கத் தொடங்கினாய் என்று எனக்கு நினைவில்லை. ஒரு கட்டத்தில் ஃபைல்கள் சுத்தமாக வந்தன. படத்தின் ஓரத்தில் எப்போதாவது உன் இடது கை மட்டும் தலைகாட்டும். ஆள் திருந்திவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம். உனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன். நீயும் ஒன்றும் சொல்லாமல் தின்றாய். அந்த மௌனத்தை நீ வீட்டுக்கும் கொண்டுபோய், பெற்ற பிள்ளையின் பிறந்தநாளிலும் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாய் என்பது பெனிட்டா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் போனதும் பழைய டிஸ்குகளை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகினேன். கை பழக்கத்தில் அந்தக் கறுப்பு ஜன்னலையே திறந்தது. எஃப்எஃப்ப்ரோப் என்ற அந்தச் சின்ன நிரலை உனக்கு ஞாபகமிருக்கும். ஒரு வீடியோவைத் திறந்து பார்க்காமலே, அது என்ன அளவு, எவ்வளவு நீளம், எந்தக் கருவி உண்டாக்கியது என்றெல்லாம் அதனிடம் கேட்டுச் சொல்லிவிடும். சொந்தக்காரர்கள் போனில் எடுத்துக் கொடுக்கிற துண்டு, ட்ரோன்காரன் கொடுக்கிற துண்டு, எல்லாரும் “ஃபுல் ஹெச்டி” என்றுதான் சத்தியம் செய்வார்கள். ஒருமுறை நீயே கேமராவைச் சின்ன அளவில் வைத்துவிட்டு ஒரு விழா முழுவதையும் எடுத்துவந்து, ஃபுல் ஹெச்டி என்று சாதித்தாய். அதிலிருந்து நான் மனிதர்களைக் கேட்பதை விட்டுவிட்டு ஃபைலையே கேட்பேன். நீ பின்னால் நின்று பார்த்துவிட்டு, “ஒத்த வரி பதிலுக்கு இம்புட்டு நீளக் கேள்வியாலே?” என்பாய்.

அதே நீளக் கேள்வியைத்தான் அன்றும் ஒட்டினேன். ஃபோல்டர் முழுவதற்கும் ஓடவிட்டேன். 1920x1080, 1920x1080 என்று திரை நிறைய வரிகள் இறங்கின. எல்லாம் சரியான அளவு, எல்லாம் நல்ல படம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. என் கேள்வியின் நடுவில் ‘வி, கோலன், சைபர்’ என்று ஒரு துண்டு இருக்கிறது. ‘உன்னிடம் உள்ளவற்றில் முதல் படத் தடத்தைப் பற்றி மட்டும் சொல், மற்றது எதுவும் எனக்கு வேண்டாம்’ என்று ஃபைலிடம் சொல்வதாக அதற்கு அர்த்தம். இத்தனை வருடமும் ஒவ்வொரு ஃபைலிடமும் நான் அகலத்தையும் உயரத்தையும்தான் கேட்டிருக்கிறேன். உள்ளே சத்தம் இருக்கிறதா என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

அந்தத் துண்டை அழித்துவிட்டு, ‘உன்னிடம் இருப்பதையெல்லாம் சொல்’ என்று ஃபைலைக் கேட்டேன். படத் தடம் ஒன்று என்றது. அதற்குக் கீழே ஒலித் தடத்தின் விவரம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. அடுத்த ஃபைலும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. உண்டாக்கிய கருவி என்கிற இடத்திலும் உன் கேமராவின் பெயர் இல்லை. நான் சுருக்கிய மென்பொருளின் பெயர்தான் உட்கார்ந்திருந்தது. நீ கால் கடுக்க நின்று எடுத்தவற்றில் உன் அடையாளம் என்று ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அத்தனையிலும் என் கைநாட்டு.

ஒலி உள்ள ஃபைல்கள் மட்டும் எவை என்று கேட்டேன். நிறைய வந்தன. போட்டுப் பார்த்தால் எல்லாம் முடித்துக் கொடுத்த படங்கள். பாட்டு, பாட்டு, பாட்டு. ஒன்றில் மாப்பிள்ளை வாயைத் திறந்து யாருக்கோ பதில் சொல்கிறார், பெண் தலையைத் தூக்கிச் சிரிக்கிறாள். நீதான் ஏதோ சொல்லியிருக்கிறாய். என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. மேலே நாதஸ்வரம் ஓடுகிறது. வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

பிறகு ஒன்று தோன்றியது. என் மென்பொருளின் பெயர் எதில் இல்லையோ, அது என் கைக்குத் தப்பியது. அப்படித் தேடியதில் ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. சுனாபட்டியில் ஒரு ஞானஸ்நான விருந்து. கேமராவை நிறுத்த மறந்து யாரோ மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். நாற்காலிக் கால்களும் தரையில் உருளும் ஒரு பலூனும்தான் படம். எதற்கும் உதவாது என்று நான் சுருக்கக்கூட இல்லை போலிருக்கிறது. சுருக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஓடவிட்டேன். முதலில் கேட்டது என் குரல்.

“ஒனக்கு எத்தன மட்டம்லே சொல்லணும்? வாய வச்சிட்டுச் சும்மா இருக்க முடியாதா? ஒன் தொண்டையக் கேக்கவா அவனுவ துட்டு குடுக்கானுவ?”

அப்புறம் நீ.

“சரி சரி, கத்தாத. புள்ள இப்பதாம் கண்ணசந்திருக்கு. நீ காலைலருந்து ஒண்ணும் திங்காம கெடக்கல்லா, அதான் இந்தக் கத்து கத்துத. போ, ரெண்டு கேக்கு தின்னுட்டு வா. இனும நான் பேசல, போதுமா?”

யாரோ நடந்து போகிற சத்தம். நான்தான். அவ்வளவுதான் துண்டு. அப்படி ஒரு நாளே எனக்கு நினைவில்லை. ஏசியவனுக்கு எந்த நாள் நினைவிருக்கும்?

கேட்டு முடித்ததும் நான் செய்ததைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். இல்லை, நீ நம்புவாய். என் குரல் வருகிற இடத்தை வெட்டி எறிந்தேன். உன் பேச்சை மட்டும் தனியாக எடுத்து ஒரு பென் டிரைவில் சேமித்தேன். இதுதான் ஸ்டெல்லாவுக்கு வேண்டியது, என் காட்டுக்கத்தல் எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். முழுத்துண்டும் அதே பென் டிரைவில் கிடந்தது. அதைக் கொடுப்பதாக எண்ணமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் வடாலா வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா இளைத்திருக்கிறாள். பெனிட்டா லேப்டாப்பை அவள் மடியிலேயே வைத்துவிட்டாள். உன் “சரி சரி” வந்ததுமே ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை கேட்டபோது அழுகை நின்று, முகத்தில் ஒரு யோசனை வந்தது.

“அவுக யாரண்ணே கத்தாதங்காவ? கேக்கு தின்னச் சொல்லுதாவளே, யாரு அது?”

“யாராச்சும் பேமெண்ட் தகராறு பண்ற பார்ட்டியா இருக்கும்மா” என்றாள் பெனிட்டா. தப்பித்துக்கொள்ள எனக்கு நல்ல வழி. தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். ஒரு நாளாவது நீ வீட்டில் போய் என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால், அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

“நான்தாம்மா” என்றேன். “நான்தான் ஏசுனேன். அத வெட்டிட்டேன்.”

பென் டிரைவிலிருந்த முழுத்துண்டைப் போட்டேன். என் குரல் அந்தச் சின்ன வீட்டில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது தெரியுமா? பெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று உன்னைப் போலக் கையை அசைத்துக் காட்டியது அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும். அப்புறம் மெல்ல, “மாமா, ஃபர்ஸ்ட் பார்ட் கட் பண்ணதே நல்லாருந்துச்சு. அம்மாவுக்கு அதுவே இருக்கட்டும்” என்றாள். என்மேல் கோபமா, இரக்கமா, அவள் குரலில் தெரியவில்லை.

ஸ்டெல்லா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“இதயே வைட்டி. வெட்டுனதுல அவுக தனியாப் பேசிட்டு இருக்க மாதிரி இருக்கு.”

காப்பி போட்டுத் தந்தாள், குடித்துவிட்டு வந்தேன். இனி உன் குரல் வேண்டும் என்கிறபோதெல்லாம் அவள் முதலில் என் ஏச்சைக் கேட்டாக வேண்டும். அதைத் தாண்டித்தான் உன்னிடம் வர முடியும். ஸ்டெல்லா அதைப் பொறுத்துக்கொள்வாள். எனக்குத்தான் முடியவில்லை. துண்டின் ஒரு பிரதி என் போனிலும் இருக்கிறது. ரயிலில் வரும்போது காதில் போட்டுக் கேட்கிறேன். போதுமா என்று கேட்கிறாய். துண்டுக்குள் நான் பதில் சொல்லாமல் நடந்து போகிறேன். அந்தக் காலடிச் சத்தம் தேய்ந்து முடிகிறவரை காத்திருந்துவிட்டு, பெட்டியில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

போதாதுலே. பேசு.