இல்லை என்று வந்த விடை

இன்று காலை மேசை விசிறி சூடேறி, வெந்த தூசி வாடை அடித்தது. உங்கள் பழைய கணினியிலும் இதே வாடைதான் வரும். விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் பழையதை நினைக்கவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் நினைவில் வந்துவிட்டீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், தோட்டத்து ஆபீசில் நீங்கள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, சிரம்பான் டவுனில் அந்தக் கணினியை வாங்கி வந்து கூடத்தில் வைத்தீர்கள். நீங்கள் அதில் வேலை செய்ததைவிட அது தானாக ஓடிய நேரம்தான் அதிகம். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகிற, லட்சக்கணக்கான இலக்கம் கொண்ட ஓர் எண்ணை உலகம் முழுக்கத் தேடுகிறார்களாம். அவரவர் கணினி சும்மா கிடக்கும் நேரத்தை அதற்குத் தானமாகக் கொடுக்கிறார்களாம். சோதித்துப் பார்க்கச் சொல்லி நமக்கும் எண்கள் வந்தன. ஒன்றைச் சோதித்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். விடையை டிஸ்கெட்டில் ஏற்றி, மோட்டார் சைக்கிளில் பகாவ் டவுனுக்குப் போய், இணையம் இருந்த கடையிலிருந்து அனுப்பிவிட்டு வருவீர்கள். ஒவ்வொரு தடவையும் விடை ‘இல்லை’தான்; தேடுகிற எண் அது இல்லை. ஒருமுறை மின்சாரம் ஏறி இறங்கியதில் கணக்கில் சந்தேகம் வந்து, யாரும் கேட்காமலேயே அந்த மாத வேலையைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து ஓடவிட்டீர்கள். அப்படி ஒரு பிடிவாதம் உங்களுக்கு.

அதே மாதங்களில்தான் நாமும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. உங்கள் அம்மா தம்பின் டவுனிலிருந்து வரும்போதெல்லாம், உங்களுக்கு வேறு பெண் பார்ப்பதை என் காதுபடவே பேசுவார். கடைசிப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். குறை என்னிடம்தான், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று. பஸ்ஸேறித் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்தால் திரையில் இன்னொரு ‘இல்லை’. நீங்கள் குனிந்து படித்துவிட்டு, பழக்க தோஷத்தில் லேசாகச் சிரித்தீர்கள்.

“இல்லைன்னு வந்ததுக்கு என்னங்க சிரிப்பு?” என்று கேட்டேன்.

“இந்த நம்பர இனிமே வேற யாரும் போட்டு அலசிக்கிட்டு இருக்க வேணாம் லா. அதான்,” என்றீர்கள்.

நான் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். நீங்கள் அதை எடுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தீர்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா வந்தார். பெண் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று உங்களிடம் ஆரம்பித்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“கொறை எங்கிட்டதாம்மா,” என்றீர்கள். “டாக்டரு சொல்லிட்டாரு. எந்தப் பொண்ணக் கட்டுனாலும் இதே கததான்.”

ஒரு சந்தேகத்துக்காக ஒரு மாத வேலையைத் தூக்கிப்போட்ட மனுஷன், கொஞ்சமும் தடுமாறாமல் பொய் சொன்னீர்கள். அம்மா அழுதார். அன்றோடு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் உங்களைத்தான். கல்யாண வீடுகளில் ஆம்பிளைகள் கேலி பேசுவார்கள். நீங்கள் சிரித்து வைப்பீர்கள். தள்ளி நின்று பார்க்கும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அம்மா சாகும்வரை, “எம்புள்ளைக்கு வாக்கப்பட்டு ஒனக்குத்தான் ஒண்ணுமில்லாமப் போச்சு,” என்று என் தலையைத் தடவுவார். நானும் குனிந்து தலையைக் கொடுத்தேன்.

உங்களை எடுத்த அன்று, கூடியிருந்த பெண்கள் அதையே பேசினார்கள். இப்படிப்பட்டவரோடு முகம் சுளிக்காமல் குடும்பம் நடத்தினாளே, புண்ணியவதி என்றார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

நீங்கள் போய்விட்டீர்கள். என் குறை இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.