நடுவில் வந்த துண்டு

உன் மடிக்கணினியை உன் அம்மா நேற்றுதான் திண்டிவனத்தில் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். திறந்தால் விசைகளுக்கு நடுவே நீ கொறித்த மல்லாட்டைக் கடலையின் தோல். ஊதினேன், போகவில்லை. செத்த பிறகும் எனக்கு வேலை வைக்கிறாய்.

விழுப்புரத்தில் செல்போன் கடைக்கு மேலே நம் அலுவலகம். நீயும் நானும் மட்டும். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குடும்பங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் செயலியை அங்கேதான் எழுதினோம். ஒவ்வொரு போனும் தன் மொழியைச் சிறு குறியாகச் சொல்லும். 'ta-IN' என்றால் தமிழ், இந்தியா. சில போன்கள் நடுவில் எழுத்து வடிவத்தையும் சேர்த்து 'ta-Taml-IN' என்று சொல்லும். நீயோ இரண்டாவது துண்டு எப்போதும் நாடுதான் என்று எழுதிவைத்தாய். 'Taml' என்றொரு நாடு இல்லை என்றதும் அந்தப் போன்களுக்குச் செய்தி ஆங்கிலத்தில் போனது.

திருத்திக் கொடுத்தேன். நம் இரண்டு போனிலும் சரியாகத்தானே வருகிறது என்றாய். இரண்டுமே கீழ்க்கடையில் ஒன்றாக வாங்கிய ஒரே ரகம் என்பது உனக்கு உறைக்கவில்லை. "எவடி இதெல்லாம் பாத்துக்கினு இருப்பா? ஜல்தி அனுப்பணும்" என்று என் திருத்தத்தைத் தூக்கிவிட்டுச் செயலியை அனுப்பினாய்.

அந்த மழைக்காலத்தில் ஒரு குப்பத்தில் ஒருவர் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார். நனையக்கூடாதென்று போனை மனைவியிடம் விட்டுப்போவது அங்கே வழக்கம். எச்சரிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் ஏதோ விளம்பரம் என்று அந்த அக்கா தள்ளிவிட்டார். கடலுக்குப் போய்ப் புயலில் சிக்கிய மனிதரை வேறு படகுக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள். படகு போனது போனதுதான். இன்று அவர் அடுத்தவர் படகில் கூலி.

வேலை கொடுத்தவர்கள் கேட்டபோது, செய்தி போய்ச் சேர்ந்ததற்குப் பதிவு இருக்கிறது என்று காட்டினாய். "படிக்கலன்னா அதுக்கு நாம இன்னா பண்றது?" என்றும் சொன்னாய். எல்லார் முன்னாலும் உன்னை மறுத்தேன். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாய், நிரலைத் திருத்தும் சாவியையும் உன் மடிக்கணினியிலேயே வைத்துக்கொண்டாய். பிறகு காய்ச்சலில் படுத்தாய். சண்டை போடவாவது வரலாம் என்று கோலியனூரில் உன் வீட்டுக்கு வந்தால் ஐஸ் பெட்டிக்குள் இருந்தாய். நல்ல பெண், நல்ல பெண் என்று ஊரே அழுதது. எனக்கு எரிச்சலாக வந்தது.

மடிக்கணினி வந்ததும் நேற்று இரவோடு இரவாக உன் நிரலைப் பிரித்து, நடுத்துண்டுக்கு இடம் கொடுத்துத் திருத்தினேன். காலையில் முதல் பஸ்ஸில் மரக்காணம் போனேன். அந்த அக்கா போனுக்குச் சோதனைச் செய்தி அனுப்பினேன். தமிழில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கூட ஒரு பொண்ணு வருமே, அது எங்கம்மா?" என்று கேட்டார்.

நீ இறந்ததைச் சொன்னேன். யாரால் படகு போனது என்பதையும் சொன்னேன். போனை முந்தானையில் துடைத்தார்.

"பாவம், சின்ன வயசு" என்றார்.

படகை இழந்த அக்காவுக்கே 'பாவம்' என்ற சொல் வருகிறது. எனக்கு வரவில்லையடி, இன்னும் வரவில்லை.