பதினான்காவது நிபந்தனை

மார்ச் 3, செவ்வாய்

வன்முறைத் தடுப்பு மானியத்துக்கு இருபத்திரண்டு விண்ணப்பங்கள். மதிப்பெண் போடுவது மூன்று பேர்: மேலதிகாரி, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், நான். மூன்று ஊர்கள் சேர்ந்து அனுப்பியதுதான் உருப்படியானது என்று அவர்கள் இருவரும் இப்போதே சொல்லிவிட்டார்கள். கோஷ்டிச் சண்டை மூளும்போது, திருந்திய பழைய கோஷ்டிக்காரர்களையே அனுப்பிப் பேசி அடக்குவது. போன வருடம் சிறிய அளவில் செய்து பார்த்தார்களாம், ஒரு கொலைகூட விழவில்லையாம்.

பணியாளர் பக்கத்தில் ஐந்தாவது படம். தலை நரைத்திருக்கிறது. அவனேதான். ஊரே விசில் என்று கூப்பிடுபவன்.

அப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 4, புதன்

எழுதினால் ஆறுமோ என்னவோ. பதினோரு வருடத்துக்கு முன் தம்பியை வெட்டிக் கொன்றது மூன்று பேர். தெருமுனையில் நின்று, "வர்றான்" என்று விசிலடித்துக் காட்டியவன் இவன். தம்பிக்கும் கோஷ்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆள் மாறிப்போச்சு, அவ்வளவுதான். நீதிமன்றத்தில் இவன் குனிந்த தலை நிமிராமல் அழுதான். ஏழு வருடம் உள்ளே இருந்தான். இப்போ அரசாங்கச் சம்பளத்துல சமாதானம் பேசப் போறானாம். நல்லா இருக்கு நியாயம்.

'விண்ணப்பதாரர்கள் யாருடனாவது முன்தொடர்பு உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன். தம்பி விஷயம் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. விலகியிருக்கணும். விலகல.

மார்ச் 12, வியாழன்

நேரில் பார்க்கப் போனோம். பழைய தையல் கடைதான் அலுவலகம். மூன்று ஊர்ப் பையன்களும் விசில் கூப்பிட்டால் மட்டும்தான் போனை எடுப்பார்கள் என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"செஞ்சத மறைக்கமாட்டான் மேடம். 'ஆளு தெரியாம ஒருத்தன சாகக் குடுத்தேன், அவங்கம்மா மூஞ்சிய இன்னும் பாக்க முடியல'ன்னு மொதல்லயே சொல்லிடுவான். அதுக்கப்புறம் எவன் எதிர்த்துப் பேசுவான்?"

எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான். அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. நான் அந்தத் தம்ளரைத் தொடவே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

முழு மதிப்பெண் போட்டேன். மூன்று ஊர்களுக்கும் மானியம் உறுதி. கையோடு பதினான்காவதாக ஒரு நிபந்தனை சேர்த்தேன்: கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு மானியத்திலிருந்து சம்பளம் தரக்கூடாது. ஐவரில் அது ஒருவனை மட்டுமே தொடும். கொலைகாரனுக்கு அரசுச் சம்பளமா என்று பத்திரிகைக்காரர்கள் இனி வாய் திறக்க முடியாது என மேலதிகாரி என்னைப் பாராட்டினார்.

என்னடி, முகமே சரியில்லையே என்று கேட்டாள் அம்மா. தலைவலி என்றேன்.

மார்ச் 21, சனி

சந்தோஷமா இருக்கணுமே. ஏன் இல்ல?

மே 13, புதன்

ஒருங்கிணைப்பாளர் அம்மா கூப்பிட்டார். நேற்று மத்தியானம் பேருந்து நிலையத்தில் இரண்டு ஊர்ப் பையன்களுக்குள் வெட்டுக்குத்து. காலையிலிருந்தே புகைந்துகொண்டிருந்ததாம். புதிதாக வைத்த ஆள் மாற்றி மாற்றிப் போன் அடித்திருக்கிறான், ஒருவனும் எடுக்கவில்லை. வேலை போனதும் விசில் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட்டான். விஷயம் தெரிந்து அவன் பேருந்து ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாளாம்.

"மேல யாரோ ஒரு வரி எழுதிட்டாங்க மேடம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாவி, நான்தான் எழுதினேன்னு சொல்ல வாய் வரலையே!

மே 15, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். தொடர்பை மறைத்தேன், பழிவாங்கத்தான் அந்த நிபந்தனையைச் சேர்த்தேன், அதை நீக்குங்கள் என்று. மேலதிகாரி இரண்டு முறை படித்தார். தம்பியைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று வருத்தப்பட்டார்.

"இத நான் வாங்கினா உங்க வேலைக்கே ஆபத்தும்மா. கிழிச்சிடவா?"

வேண்டாம் சார் என்றேன். 

மே 18, திங்கள்

பணியிடை நீக்கம். அம்மாவிடம் விடுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 22, திங்கள்

நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். என் விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது. இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுவிடாமல். கத்துவாள், அவனுக்கா வேலை வாங்கிக் கொடுத்தாய் என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று பயந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்தாள். கடைசியில், செத்த பையனின் வீடு எங்கே என்றாள். சொன்னேன்.

"மூஞ்சியக் கழுவிட்டு வா. போய்ட்டு வந்துடலாம்."

"அங்க போய் நான் என்னன்னும்மா சொல்லுவேன்?"

"என்கிட்ட சொன்னியே, அதையேதான். நம்ம வீட்டுக்கு அப்படி வந்து சொல்ல ஒருத்தர் இருந்தாங்களா?"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். போகவேண்டும்.