கோட்டுப் பையில் ஒரு நாவல்

அன்புள்ள நோரீன்,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாருக்கும் புரியாத ஒரு நாவலின் பெயரை இசைக்குழுவுக்கு வைத்துக்கொண்டு, தலைப்பு வெளியே தெரியும்படி அதைக் கோட்டுப் பையில் செருகித் திரிகிற கூட்டம் உருப்படுமா? நம் சால்ஃபர்டு ஊர் முழுக்க இப்போது இந்தப் பிழைப்புதான். "அதைப் படிக்காதவளுக்கு பேஸ் கிட்டார் எதுக்கு?" என்று உன்னை வெளியே அனுப்பினானே பாடகன் ஜூலியன், அவன் படித்த லட்சணத்தை நேற்று பப்பில் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன்.

"ஏன் தம்பி, கடைசியில அந்த நாய் சாகுதே, அழுதியா?" என்று கேட்டேன். நான் அதைப் படித்ததே இல்லை. பியர் குடித்துக்கொண்டே நானாகக் கற்பனையில் பெற்றுப்போட்ட நாய் அது.

"அழாம இருக்க முடியுமா அங்கிள்? அதை வெச்சுத்தான் புதுப் பாட்டே எழுதுறேன்."

டிரம்மர் கெவின் வாயிலிருந்த பியரைத் துப்பிவிட்டான். "டேய், கதை முழுக்க ஒரு ஜெயில் ரூமுக்குள்ள நடக்குது. நாய் எங்கடா வந்துச்சு?"

ஐம்பது பேராவது சிரித்திருப்பார்கள். ஜூலியன் என் கையைப் பிடித்து, "நோரீனை வரச் சொல்லுங்க, அவ இல்லாம பாட்டே நிக்கல" என்று கெஞ்சினான்.

அதனால் லண்டனில் எவள் வீட்டு சோபாவிலோ சுருண்டு கிடக்காமல் ரயிலேறு. இன்னும் கோபம் தீராத உன் அப்பா கதவைத் திறக்க மாட்டார். என் மாடியறையைக் காலி செய்துவிட்டேன்.

மேலே எழுதியதில் ஒரு பொய்யை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஜூலியன் கெஞ்சவில்லை, எழுந்து போய்விட்டான். அப்படி எழுதினால்தான் நீ வருவாய் என்று தோன்றியது.

உன் சித்தப்பா