பிரகாசியின் மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும்

என் செல்ல அக்கா செசிலிக்கு,

நீ போன பிறகு வருகிற மூன்றாவது கல்லறைத் திருநாள் இது. உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி கொளுத்தியாயிற்று. உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அங்கேயே நின்று வாய்விட்டுப் பேசினால் ஊர் சிரிக்கும், அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் மூன்று வருடம் இருந்தவன் நான். கணக்குப்படி பத்துப் படித்தவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

செய்தி உன் தம்பி பெண்டாட்டி, என் பிரகாசியைப் பற்றியது. போன கோடையில் அவளுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. நெஞ்சில் கிளம்பும் சூடு முகத்துக்கு ஏறும், சேலை நனைய வியர்க்கும், பிறகு குளிரும். தூக்கம் போயிற்று. குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன், உட்கார்ந்து அழுதுவிட்டாள். என் வைத்தியம் உனக்குத் தெரியாதா? நுங்கு, இளநீர், மோர். கடைசியில் மேசைக் காற்றாடி ஒன்று வாங்கி வந்தேன்.

"இதை எனக்கு உள்ள வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

லீவில் வந்த மூத்த மகள்தான் அவளை லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாதவிலக்கு நிற்கிற வயதில் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பு குறைந்துவிடுமாம், ஹார்மோன் என்று பெயர். அதை மாத்திரையாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறார். மார்பில் கட்டி உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்றெல்லாம் கேட்டு, பிரஷர் பார்த்து, சின்ன அளவில் கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் நிறுத்த வேண்டும். காலம் முழுக்க இல்லை, சோதனைக்கு ஒழுங்காக வர வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

பிரகாசி தூங்கினாள், அக்கா. குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அப்புறம் வந்தது வினை. குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸம்மா தெருத்தெருவாக வந்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டிப் போனார். அதுவும் மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்துகிற மாத்திரை. பக்கத்து வீட்டு மதினி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "ஏளா, இது அதுல்லா?" என்றிருக்கிறாள். பிள்ளை வேண்டாமென்று மாத்திரை சாப்பிடுவது பாவம் என்று கோயிலில் சொல்லிக் கேட்டவள் பிரகாசி. அன்றே நிறுத்திவிட்டாள். அந்த ஞாயிறு பூசையில் எல்லாரும் நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்க வரிசையில் போனபோது இவள் பெஞ்சிலேயே இருந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. சூடு திரும்பி வந்தது. பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்றால், இதை ஒரு சின்ன வயதுச் சாமியாரிடம் எந்த வாயால் சொல்வாள்?

நம் தெருவில் நன்மைக்குப் போனவர்களை யாரும் பார்ப்பதில்லை, போகாதவளைத்தான் பார்ப்பார்கள். துறைமுகத்தில் நான் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தபோது கீழே நின்ற மிக்கேல் கேட்டான். "என்னலே சவரிமுத்து, இந்த வயசுலயும் ஒன் பெண்டாட்டி ஒனக்குப் பயந்து மாத்திரை திங்காளாமே?"

வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். வீட்டுக்கு வந்து, அவள் வியர்வையில் நனைந்த தலைமுடியோடு தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்ததைப் பார்த்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

நானே சாமியாரிடம் பேசுகிறேன் என்று அவளைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் முன்னால் நின்றதும், "சாமி, வீட்டுல கொஞ்சம் சூடு அதிகம்" என்றுதான் வந்தது. ஓட்டுக்கு மேல் ஓலை போடுங்கள் என்றார் அவர்.

பிரகாசி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "சாமி, எனக்குத் தீட்டு நிக்கப் போவுது. உடம்பெல்லாம் எரியுது. டாக்டரம்மா அதுக்குத்தான் மாத்திரை தந்தாவ, பிள்ளைய தடுக்கதுக்கு இல்ல. நான் தின்னுட்டு நன்மை வாங்கலாமா, கூடாதா?"

சாமியார் முகம் சிவந்தது. ஆனாலும் நேராகப் பதில் சொன்னார். "நோய்க்கு மருந்துதானேம்மா. டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்க. நன்மைக்கு வாங்க."

இவள் விடவில்லை. "அப்ப இதைப் பிரசங்கத்துல சொல்லுங்க சாமி. எங்க தெருவுல எரியுதவ நான் ஒருத்தி மட்டும் இல்ல."

அது தன்னால் ஆகாது, நீங்களே சொல்லுங்கள் என்றுவிட்டார். இவளும் சொல்லிவிட்டாள், அக்கா, தெருக் குழாயடியில் நின்று. எனக்கும், எனக்கும் என்று ஒவ்வொருத்தியாக வந்தார்களாம். டாக்டரைக் கேட்டு மாத்திரையைத் திரும்பவும் ஆரம்பித்தாள். ஞாயிறு பூசையில் வரிசைக்கு முதல் ஆளாக எழுந்து போனாள். என் பெயரையும் போட்டே எழுதுங்கள் என்று இந்தக் கடிதத்துக்கு உத்தரவு கொடுத்தவளும் அவள்தான்.

அதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. இவள் வயதில் நீ சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து, கடற்காற்றில் போய் நிற்பாய். செசிலிக்குக் கோபம் கூடிப்போயிற்று என்று வீட்டில் பேசிக்கொண்டோம். உனக்கும் எரிந்ததா, அக்கா? யாரிடம் சொன்னாய்?

அடுத்த மாதம் பிரகாசியைச் சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சு முழுக்கப் பெண்களாக இருப்பார்கள். போன தடவை நான் எதிர்க்கடையில் டீ குடிக்கிற சாக்கில் நின்றுகொண்டேன். இந்தத் தடவை உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். டாக்டர் சொல்கிறதை என் காதாலும் கேட்பேன். மிக்கேல் பார்த்துச் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். இது உன் மேல் சத்தியம்.

உன் இடுப்பில் வளர்ந்த தம்பி,
பிரகாசியின் புருஷன்,
சவரிமுத்து