முகத்துவாரத்தில் கொட்டிய மூட்டைகள்

விருத்தாசலம்,
19.3.2006

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

ரெஜினா எழுதுகிறேன். ஹாஸ்டலில் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் என்ற உரிமையில் கேட்கிறேன், கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

சக்கரபாணி அண்ணனின் இடது கண்ணைப் போக்கியது என் கணவர் சவரிராஜ்தான். அடிபட்டவர் உன் வீட்டுக்காரர் என்பது முந்தாநாள் ஸ்டேஷனில் புகாரில் இருந்த பெயரைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இவர் ஓட்டியது எங்கள் பீங்கான் கம்பெனி லாரி. உடைந்த பீங்கானையும் கிழிந்த பிளாஸ்டிக் சாக்குகளையும் ஆறு மாதமாக உங்கள் ஊர் முகத்துவாரத்தில் கொட்டியிருக்கிறார். அந்த மூட்டைகளைத் தைத்தவள் நான். எங்கே போகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று அண்ணன் செத்த ஆமை ஒன்றை லாரிக் கண்ணாடிமீது வீசினாராம். அதன் தொண்டையில் சாக்கு நார் அடைத்திருந்ததாம். "வலையெல்லாம் உங்க சில்லு கிழிச்சிப்போட்டுது. கடல்ல கொட்டிட்டா நாங்க எதத் தின்றது?" என்று சட்டையைப் பிடித்திருக்கிறார். இவர் ஜாக்கி லீவரை வீசிவிட்டார். ரத்தத்தைப் பார்த்ததும் உங்கள் ஆட்கள் துடுப்பால் இவர் வலது கையை முறித்து, லாரியைக் கொளுத்தினார்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

லாரியில் இருந்தது வெறும் மணல் என்று சொல்லும்படி முதலாளி வீட்டுக்கே வந்து சொன்னார். இவர் தலையாட்டினார். என்னால் முடியவில்லை. கம்பெனி முத்திரை போட்ட சாக்கோடு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்ததும், "புருஷனையே காட்டிக் குடுத்துட்டியாடி?" என்று இடது கையால் அறைந்தார். கதவு நிலையில் மோதிப் பல் ஒன்று விழுந்தது. அந்த வாயோடுதான் அடிபட்டது யார் என்று சொன்னேன். எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவரை அடையாளம் தெரியாமல் அடித்ததை நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்று காலை தானே பஸ் ஏறிப் போய்ச் சரணடைந்தார். யார் அனுப்பி எங்கே கொட்டினார் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

எனக்கு இனி கம்பெனியில் வேலையில்லை. நாளை முதல் முகத்துவாரத்துக்கு வந்து, கைக்கு எட்டும் சில்லையும் சாக்கையும் பொறுக்கப் போகிறேன். உன் வீட்டுப் பக்கம் வர மாட்டேன். என்னைக் கண்டால் அடிக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் மட்டும் சொல்லிவை. நீ அடிப்பதானால் அடி.

அண்ணனின் மற்றக் கண்ணை மாதா காக்கட்டும்.

உன்,
ரெஜினா