எட்டு அங்குலக் குழாய்க்கு நான் எழுதின கடிதம்

அப்பா,

இன்று பள்ளிக்கூடம் போகும் வழியில், நீங்கள் வேலை செய்த எண்ணெய்க் களஞ்சிய வாசலில் எட்டு அங்குலக் குழாய்களை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இராணுவ அனுமதி இப்போதுதான் கிடைத்ததாம். நீங்கள் போய் நாலு மாதம். புது இரும்பின் வாசம் உங்கள் சட்டை வாசம்தான். சைக்கிளை விட்டு இறங்காமலே அழுதேன்.

அப்போது அந்தக் குழாயை இராணுவம் சோதனைச்சாவடி தாண்ட விடாது என்றபடியால், பெரிய எண்ணெய்த் தாங்கியில் ஆவி போகும் அவசர வாயை ஒடுக்கி நாலு அங்குலக் குழாய் பூட்டச் சொன்னார் முகாமையாளர். கூரைக்கு வெளியே கொண்டுபோக மூன்று வளைவு வேறு. அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

"சும்மா நாளைக்கு நாலு அங்குலமே காணும், மகன். வெளியில நெருப்பெண்டால் உள்ளுக்க எண்ணெய் கொதிக்கும். அந்த ஆவி போக எட்டு வேணும். இல்லாட்டி வெடிக்கும்."

குழாய் வருமட்டும் தாங்கியை நிரப்ப வேண்டாமென்று முகாமையாளருக்குக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். உங்களுக்கு எழுத்து ஓடாது. நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. அன்றைக்கு நானே எழுதினேன்: 'ஐயா, தங்கள் தாங்கி வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட வழியில்லாமல் இருக்கிறது. பெரியவர்கள் ஏப்பத்தை அடக்கினால் என்னவாகும் என்பது தாங்கள் அறியாததல்ல.'

"ஒழுங்கா எழுதினனியோ?"

"ஓம் அப்பா. வாசிச்சா மறக்க மாட்டார்."

வாசிக்காமலே கையெழுத்து வைத்தீர்கள்.

கந்தோரில் வேலை செய்கிற எல்லாரும் அதை வாசித்துச் சிரித்தார்களாம். முகாமையாளரும் உங்கள் தோளில் தட்டி, "நல்ல பகிடிக்காரன்" என்றுவிட்டுத் தாங்கியை நிரப்பச் சொன்னார். வீட்டுக்கு வந்து நீங்கள் என்னை ஏசவில்லை. "இன்னொருக்கா எழுதுவம். பகிடி வேண்டாம்" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்றேன், எனக்குக் கிரிக்கெட் இருந்தது.

அதற்குள், வெள்ளிக்கிழமையே, களஞ்சிய மதிலடியில் ஷெல் விழுந்தது. கசிந்த எண்ணெய் தீப்பற்றித் தாங்கிக்குக் கீழே எரிந்தது. மற்றவர்கள் வெளியே ஓட, நீங்கள் வால்வைப் பூட்ட ஓடினீர்கள். ஆவி போக நாலு அங்குலம் போதாமல் தாங்கி வெடித்தது.

செத்தவீட்டில் முகாமையாளர் அந்தக் கடிதத்தைச் சொல்லி அழுதார். அதிலிருந்து அம்மா உங்களை ஏசுகிறா. வார்த்தையெல்லாம் உங்களுடையது, கைதான் என்னுடையது என்றே நினைக்கிறா. சோறு போடும்போதும் அதே கதை: "வெடிக்குமெண்டு தெரிஞ்சும் அந்த மனுசனுக்குப் பகிடி. ஒழுங்காச் சொல்லியிருந்தா ஆர் நிரப்பியிருப்பினம்? நீயெண்டாலும் உன்ர அப்பரை மாதிரி இராத."

நான் "ஓம் அம்மா" என்கிறேன், அப்பா. ஒவ்வொரு நாளும்.